கோத்தகிரி தோட்டத்து மண்பாதையில் கிராவல் சைக்கிள்: அரை நாள் சவாரி எப்படி இருந்தது

கிராவல் சைக்கிள் என்றால் சரளை, மண்பாதைக்கென்றே செய்த சைக்கிள். கோத்தகிரியில் ஒருவர் அதை வாடகைக்குக் கொடுத்து, கூடவே வந்து வழியும் காட்டுகிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆளுக்கு 1,800 ரூபாய். அதில் பாதிதான் சைக்கிளுக்கு. மீதி, வழி தெரிந்த ஒரு ஆளுக்கும், அந்த வழியில் இருக்கும் தோட்டத்துக் கேட்டுகள் அவர் முகத்தைப் பார்த்துத் திறப்பதற்கும். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குத் திரும்பினோம். 28 கிலோமீட்டரில் தார்ச்சாலை மொத்தமே நான்கு கிலோமீட்டர்தான் இருக்கும், மற்றதெல்லாம் சரளையும் செம்மண்ணும். கோத்தகிரி பக்கம் இப்படி ஒரு சவாரி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கடைப் பெயரை எழுத வேண்டாம் என்று நடத்துபவரே கேட்டுக்கொண்டார், காரணம் கீழே வரும்.

இதைத் தேடிப் போனதே அக்கா மகனுக்காகத்தான். அக்கா குடும்பம் பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்கிறது, டிசம்பர் லீவுக்கு வந்த பையன் பெட்டியை இறக்கிவைத்த மறுநாளே "மாமா, இங்க கார் வராத ரோடு எங்க இருக்கு?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. போன வருஷம் கோடையில் நான் அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தபோது அவனோடு சேர்ந்து ஓட்டியிருக்கிறேன். அங்கே 'வ்வா வெர்த்' என்பார்கள், பச்சை வழி என்று அர்த்தம். சைக்கிள், நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், இவர்களுக்கு மட்டும்தான் என்று 2004-இலேயே சாலைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் சேத் பக்கம் வரை சுமார் 240 கிலோமீட்டர் ஓடுகிற 'கனால் டு மிதி' என்ற கால்வாய் 1681-இல் திறந்தது. அந்தக் காலத்தில் படகைக் கரையில் நடக்கும் குதிரை கயிறு கட்டி இழுத்துப் போகும். அந்தக் குதிரை நடந்த கரையில்தான் இன்று சைக்கிள் போகிறது. துலூஸிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு வழவழவென்று தார் போட்ட சைக்கிள் பாதை, அதைத் தாண்டினால் மண்ணும் மரவேரும் வந்துவிடும், கிராவல் சைக்கிளின் அருமை அங்கேதான் தெரிந்தது.

இன்னொரு நாள் மசமே என்ற ஊரிலிருந்து பெதாரியூ பக்கமாகப் போகும் பாதையில் ஓட்டினோம், முழுப் பாதையும் 75 கிலோமீட்டருக்கு மேல் வரும். ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு சரளை கொட்டி இறுக்கியிருக்கிறார்கள், நடுவில் பழைய ரயில் சுரங்கங்கள் வேறு. ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் இருப்பதே காலுக்குத் தெரியாது. பழைய ரயில் என்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறுகிற மாதிரிதான் தடம் போட்டிருப்பார்கள். அறுபது எழுபது வயதுக்காரர்கள்கூடப் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள்.

நம் நீலகிரியில் அந்தக் கதை நடக்காது. மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றாக ஓடட்டும், அதுவும் கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஒரு அடி ஏறும், பல்சக்கரம் கடித்துத்தான் மேலே போகிறது. கால்வாய்க்கரை என்ற பேச்சுக்கே இடமில்லை. தார்ச்சாலையில் ஓட்டலாம் என்றால் வளைவுக்கு வளைவு சுற்றுலா வேன். போன வருஷம் ஒரு செல்போன் வரைபடத்தை நம்பி நான் தனியாகக் கிளம்பினேன். அது காட்டிய கோடு ஆறு கிலோமீட்டர் ஏற்றத்துக்கு அப்புறம் பூட்டிய இரும்பு கேட்டில் போய் முட்டியது. காவலுக்கு இருந்த பெரியவர் கோபப்படவில்லை, "இது தனியார் எஸ்டேட், திரும்பிடுங்க" என்றார், அவ்வளவுதான். வந்த வழியே இறங்கினேன்.

இந்தச் சவாரி நடத்துபவரிடம் போனால் அதே மாதிரி கேட்டுகள் திறக்கின்றன. முப்பத்தைந்து வயது இருக்கும், பக்கத்து ஹட்டியில் (படகர் இன மக்களின் ஊர்) பிறந்து வளர்ந்த படகர். சின்ன வயதில் தோட்டத்துக்கு இலை மூட்டை ஏற்றும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போன பாதைகள்தான் இப்போது அவர் நமக்குக் காட்டுவது. பார்த்தால் பிரான்சின் ரயில் தடத்துக்கு இங்கே ஈடு இந்த டிராக்டர் பாதைதான். இலை ஏற்றிய டிராக்டர் ஏறவேண்டும் என்பதற்காக மலையின் வளைவோடு வளைவாக வெட்டியிருக்கிறார்கள், அதனால் ஏற்றம் மூச்சு வாங்க வைத்தாலும் காலை ஊன்ற வைப்பதில்லை. ஒரு பக்கம் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக், பள்ளத்தில் ஒரு துண்டு சோலை, எதிரே வருவது இலை எடுக்கப் போகும் பெண்கள் மட்டும். ஒரு இடத்தில் அவர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். அறுபது அடி தள்ளி ஐந்து காட்டெருமைகள். பத்து நிமிஷம் சத்தம் போடாமல் நின்றோம், அதுகள் இறங்கிப் போன பிறகுதான் நகர்ந்தோம். கரடி நடமாட்டமும் உண்டு என்பதால் எட்டு மணிக்கு முன்னால் கிளம்புவதில்லை, சாயங்காலச் சவாரி கிடையவே கிடையாது. காப்புக்காட்டுக்குள்ளும் சைக்கிளை விடமாட்டார், எவ்வளவு கேட்டாலும்.

சைக்கிள் பற்றி. அலுமினிய பிரேம், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 42 பல் வரைக்கும் இருப்பதால் ஏற்றத்துக்குப் போதும். கிளம்பும் முன் ஆளின் எடையைக் கேட்டு டயரில் காற்றைக் குறைத்தார், எனக்கு 35 பிஎஸ்ஐ, பையனுக்கு அதைவிடக் கம்மி. வாடகைக் கடையில் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. காற்று குறைந்தால் டயர் கல்லில் துள்ளாமல் ஒட்டிக்கொண்டு போகும், கை மரத்துப்போகாது.

ஆனால் குறையும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். என் சைக்கிளின் பின் பிரேக் பேட் தேய்ந்துபோயிருந்தது. முதல் பெரிய இறக்கத்திலேயே கிரீச்சென்று கத்தி, லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. அவர் பையில் மாற்று பேட் இருந்தது, பத்து நிமிஷத்தில் மாற்றினார், மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் மலையில் பிரேக்கைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும். நீங்கள் போனால் கிளம்பும் முன் இரண்டு லீவரையும் அழுத்திப் பாருங்கள். ஹெல்மெட் இரண்டே அளவுதான், உள் பஞ்சு ஈரமாக இருந்தது. ஐந்தடிக்குக் குறைந்தவர்களுக்கு சைக்கிள் இல்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் வேன்களுக்கு நடுவே வரவேண்டியிருக்கிறது, அதுவரை வந்த அமைதிக்கு அது ரொம்ப உறுத்தல். அந்தத் துண்டுக்கு மட்டும் ஜீப் வைத்தால் 200 ரூபாய் கூடக் கேட்டாலும் தருவேன்.

நடுவில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் ஒரு நிறுத்தம். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. ஒரு பாட்டி "எங்கயிருந்து தம்பி வாறீங்க?" என்று கேட்டுக்கொண்டே சாயம் கொண்டுவந்தார், பால் இல்லாத தேநீர், கூடவே வர்க்கி. இந்தச் செலவு 1,800-க்குள்தான், பாட்டிக்கு நடத்துபவரே கொடுத்துவிடுகிறார். பையன் பிரான்சில் இருக்கிறேன் என்றதும், அங்கே தேயிலை விளையுமா என்று பாட்டி கேட்டார். பையன் இல்லை என்றான். "அப்ப எங்கட இலையத்தான் குடிக்கிறாங்க" என்று சொல்லி அவன் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கிளம்பும்போது, போன வழியின் ஜிபிஎஸ் கோட்டை அனுப்பச் சொல்லி நடத்துபவரிடம் நான் கேட்டேன். முடியாது என்றார். எனக்கு முதலில் முகம் சுருங்கிவிட்டது, காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்று. அப்புறம் விளக்கினார். இதற்கு முன்னால் யாரோ வழியை இணையத்தில் ஏற்றிவிட, ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் கும்பலாக வந்து, கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போய், மாடு உள்ளே இறங்கி நாற்றங்காலை மேய்ந்துவிட்டது. அந்தத் தோட்டம் ஆறு மாதம் அவரையும் உள்ளே விடவில்லை. "அண்ணா, அங்க சட்டம் போட்டு பாதை குடுத்திருக்காங்க. இங்க ஒவ்வொரு மேனேஜரும் மனசு வெச்சாத்தான் பாதை" என்றார். ஆறு பேருக்கு மேல் கூட்டிப்போகாததும், பெயர் வேண்டாம் என்றதும் இதனால்தான். கோத்தகிரி கடைவீதியில் கிராவல் சைக்கிள் என்று விசாரித்தால் கையைக் காட்டுவார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர், நவம்பர் வேண்டாம், வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில் நன்றாகக் கொட்டும், செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. வெளியூர் வண்டியில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுத்துவிடுங்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தால் போதும், பந்தயக் கால் வேண்டாம். என் கணக்கில் ஐந்துக்கு நான்கு, அந்த ஒன்றைக் குறைத்தது பிரேக்குக்காக.

பிப்ரவரியில் கோடநாடு பக்கம் ஒரு புது வழி யோசித்துவைத்திருக்கிறார், ஒரு தோட்டத்தின் சம்மதம் மட்டும் பாக்கியாம். கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று என் எண்ணை எழுதிக்கொண்டார்.