முதலில் பாராட்டா, முதலில் கேள்வியா?

கூட வேலை செய்பவரிடம் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அலுவலகங்களில் அதிகம் புழங்குவது சாண்ட்விச் முறை: பாராட்டு, நடுவில் குறை, மறுபடி பாராட்டு. சொல்பவருக்கு இது ரொம்பச் சௌகரியம். கேட்பவரோ இரண்டு தடவை பட்டதும், பாராட்டு தொடங்கும்போதே 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார். இல்லையென்றால் நடுத்துண்டை விட்டுவிட்டு சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். நானே ஒருமுறை அப்படிக் கிளம்பி, அதே தப்பை அடுத்த மாதமும் செய்தவன்.

இதற்குப் போட்டி, சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற தலைமைப் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய 'சூழல், நடத்தை, விளைவு' முறை. "உங்களுக்குக் கவனமே இல்லை" என்று சொல்வதில்லை. "செவ்வாய்க்கிழமை காட்டிய அட்டவணையில் இரண்டு மாதக் கணக்கு விடுபட்டிருந்தது. வாடிக்கையாளர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை." அவ்வளவுதான். ஆளைத் தொடாமல் வேலையை மட்டும் தொடுகிறது.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. 1996-இல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் பின்னூட்டம் (ஒருவர் செய்த வேலை எப்படி இருந்தது என்று அவரிடம் சொல்வது) பற்றிய பழைய ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாகப் பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் நகர நகர, பலனும் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். சாண்ட்விச்சில் வரும் "நீங்க திறமைசாலி" கூட அந்தப் பக்கம்தானே தள்ளுகிறது!

மூன்றாவது, கேள்வியில் தொடங்குவது: "அந்த அட்டவணை எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?" கேட்க நன்றாயிருக்கும். ஆனால் மனதில் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால், எதிரில் இருப்பவருக்கு அது விசாரணை. பொறி வைத்திருப்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

என் தேர்வு: தொடக்கம் இரண்டாவதிலிருந்து, தொடர்ச்சி மூன்றாவதிலிருந்து. நடந்ததைச் சொல்லிவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்வது. அந்த மௌனம்தான் கஷ்டம். நாமே பதிலையும் சொல்லிவிடத் துடிப்போம். பொறுத்தால், "கணக்கு அன்னிக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சு, சரிபார்க்க நேரமில்ல" என்று வரலாம். அப்புறம் பேச வேண்டியது அவரிடம் மட்டுமல்ல, கணக்கைத் தாமதமாக அனுப்பியவரிடமும்தான்.