2010 ஒலிம்பிக் ஜேர்சி, 1,800 டொலர்: கையெழுத்துப் பொருள் வாங்குகிறவர்கள் கவனம்

எங்களுக்கு ஒரு ஜேர்சி விற்ற கடை நேற்றுப் பின்னேரம் என்னுடைய இலக்கத்தை புளொக் பண்ணிவிட்டது. இனிப் பொறுத்திருக்க ஒன்றும் இல்லை, எழுதுகிறேன். ரொறன்ரோப் பக்கம் எங்கள் ஆட்களில் ஹொக்கிப் பைத்தியம் பிடித்தவர்கள் நிறையப் பேர். கையெழுத்து வைத்த ஜேர்சி, பழைய டிக்கெட், சட்டையில் குத்துகிற ஒலிம்பிக் சின்னம் என்று தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் எனக்கே பத்துப் பன்னிரண்டு பேரைத் தெரியும். அவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதை முடிவில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு பிளாசாவுக்குள் இருக்கிற, விளையாட்டு நினைவுப்பொருள் விற்கிற கடை. இணையத்திலும் விற்கிறார்கள். அவ்வளவு போதும்.

நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு 300 டொலர் போட்டு 1,800 டொலர். ஒருவர் வெயர்ஹவுஸில் இரவு வேலை, ஒருவர் பஸ் ஓட்டுகிறார், இன்னொருவர் வேலை போய் இரண்டு மாதம் வீட்டில் இருந்தபோதும் தன் பங்கைக் கொண்டுவந்து தந்தார். ஒரு பழைய சட்டைக்கு இவ்வளவு காசா என்று கேட்கிறவர்களுக்காக, அந்த ஆட்டம் எங்களுக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2010 பெப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் கடைசி நாள். ஆண்கள் ஐஸ் ஹொக்கி இறுதி ஆட்டம், கனடாவும் அமெரிக்காவும். எங்களுக்கு இங்கே பின்னேரம் மூன்றேகாலுக்குத் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் எப்படிப் போனது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் போரை நிறுத்தச் சொல்லி 2009 மே 10 அன்று ரொறன்ரோவின் கார்டினர் எக்ஸ்பிரஸ்வே நெடுஞ்சாலையில் ஏறி நின்ற கூட்டத்தில் நாங்கள் ஆறு பேரும் நின்றோம். அதற்குப் பிறகு யார் வீட்டிலும் சத்தமான சிரிப்பு இருக்கவில்லை. பிறந்தநாள், கொண்டாட்டம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தோம். அப்படியிருந்தும் அந்த ஞாயிறு, ஏதோ ஒரு மாறுதலுக்காக, என் வீட்டு பேஸ்மென்ற்றில் கூடினோம்.

கனடாவுக்கு ரேவ்ஸ் ஒரு கோல், பெரி ஒரு கோல், இரண்டுக்குப் பூச்சியம். பிறகு அமெரிக்காவின் கெஸ்லர் ஒன்றைத் திருப்பினார். ஆட்டம் முடிய 24 செக்கன் இருக்கும்போது அவர்களுடைய பரிசே கோல் அடித்து 2-2 ஆக்கினார். எங்கள் பேஸ்மென்ற்றில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஓவர்டைமில் ஏழு நிமிடம் நாற்பது செக்கன். எங்கள் இகின்லா விழுந்துகொண்டே றப்பர் வட்டைத் தள்ளிவிட, சிட்னி குரொஸ்பி அமெரிக்கக் கோல்காப்பாளர் மில்லரின் கால்களுக்கு நடுவால் அடித்து உள்ளே விட்டார். 3-2. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்தினோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் மகிழ்ச்சிச் சத்தம் அது. என் மனைவி மேலேயிருந்து பயந்து ஓடிவந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெப்ரவரி 28 உம் அதே பேஸ்மென்ற். அந்த ஆட்டத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கொத்துரொட்டி, கட்லட், தேத்தண்ணீர். ஹட்சன்ஸ் பே கடையில் பத்து டொலருக்கு வாங்கிய சிவப்புக் கையுறை ஆறு சோடி, உள்ளங்கையில் மேப்பிள் இலை போட்டது, இன்னும் வைத்திருக்கிறோம். கடையே 2025 இல் மூடியாயிற்று, கையுறை இருக்கிறது. இந்த வருடம் அந்தச் சுவரில் மாட்ட ஒரு பெரிய பொருள் வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். குரொஸ்பி கையெழுத்து வைத்த வன்கூவர் ஜேர்சி. வாங்குகிற பொறுப்பு என்னிடம் வந்தது.

சரி, இப்போது கடைக்கு வருகிறேன்.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். கவுண்டரில் நின்றது எங்கள் பெடியன், முப்பது வயது இருக்கும். நான் ஆங்கிலத்தில் தொடங்க, “அண்ணை, தமிழிலயே கதையுங்கோ” என்றான். வன்கூவர் என்று நான் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. “அந்தக் கோல் அடிக்கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள் அண்ணை?” என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன் என்று இப்போது விளங்குகிறது. பேஸ்மென்ற் கதையைச் சொன்னேன். மனைவி அழுததைக்கூடச் சொன்னேன், முன்பின் தெரியாத ஒருவனிடம். அவன் தனக்கு அப்போது பதினைந்து வயது, அப்பாவின் தோளைப் பிடித்துத் துள்ளினேன் என்றான். குரொஸ்பி இகின்லாவிடம் வட்டைக் கேட்டு “இகி! இகி!” என்று கத்தியதை அப்படியே கத்திக் காட்டினான். கோல் அடித்துவிட்டு அவர் எறிந்த மட்டையும் கையுறையும் காணாமல் போனதையும், பிறகு ஒரு கையுறை சக வீரர் பேர்ஜரோனின் பைக்குள் கிடைத்ததையும் சொன்னான். எனக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் இவனும் எங்களைப் போல ஒருத்தன் என்று மனது சொல்லிவிட்டது.

பிறகு உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகப் பிரித்தான். சிவப்பு ஜேர்சி, நெஞ்சில் பெரிய மேப்பிள் இலை, 87 என்ற இலக்கத்தின் மேல் கறுப்பு மையில் கையெழுத்து. ஒரு சான்றிதழ், மூலையில் மினுங்குகிற ஹொலோகிராம் ஸ்ரிக்கர், அதில் ஓர் எண். 2010 ஏப்ரலில் கையெழுத்து வைத்தது என்று அச்சடித்திருந்தது. நான் சான்றிதழைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், ஜேர்சியைப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

“கார்ட்டில போட்டா 13 வீத வரியோட 2,034 வரும் அண்ணை. ஈ-ட்ரான்ஸ்ஃபர் எண்டா வரியை நாங்கள் பாக்கிறம், 1,800 மட்டும் தாங்கோ. உங்களுக்காகத்தான்.” 234 டொலர் மிச்சம். மற்ற ஐந்து பேருக்கும் சொல்ல நல்ல செய்தி என்று நினைத்து அந்த இடத்திலேயே ஃபோனில் 1,800 டொலர் அனுப்பினேன். ஒரு துண்டில் கையால் பற்றுச்சீட்டு எழுதித் தந்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாசிக்கவில்லை.

பெப்ரவரி 28. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தோம். ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. நண்பரின் மகள், 16 வயது, இங்கே ஹவுஸ் லீக்கில் ஹொக்கி விளையாடுகிறவள், குரொஸ்பியைக் கிட்டத்தில் காட்டிய இடத்தில் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாள். திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

“மாமா, ரீவீல அவற்றை நெஞ்சில ‘ஏ’ எல்லோ இருக்கு. உங்கட ஜேர்சில ‘சி’ இருக்கு.”

ஒருவருக்கும் குரல் வரவில்லை. ஹொக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அணித்தலைவரின் ஜேர்சியில் ‘சி’ என்ற எழுத்து இருக்கும், துணைத்தலைவர்களுக்கு ‘ஏ’. வன்கூவரில் கனடாவின் தலைவர் ஸ்கொட் நீடர்மயர். குரொஸ்பி துணைத்தலைவர்களில் ஒருவர். அவர் ஒலிம்பிக்கில் ‘சி’ போட்டது நான்கு வருடம் கழித்து, 2014 சொச்சியில், அந்த ஜேர்சியின் வடிவமே வேறு. 2010 ஏப்ரலில் கையெழுத்து வைத்ததாம், வன்கூவர் ஜேர்சியாம், அதில் ‘சி’ எப்படி வரும்? இத்தனை வருடம் அதே ஆட்டத்தை வருடாவருடம் போட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். இரவோடிரவாகச் சான்றிதழில் இருந்த எண்ணை அதில் போட்டிருந்த இணையப் பக்கத்தில் அடித்துப் பார்த்தோம். யாரோ கையெழுத்து வைத்த ஒரு பேஸ்போல் பந்தின் படம் வந்தது.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். அதே பெடியன். இந்த முறை தமிழ் வரவில்லை, ஆங்கிலத்தில்தான் கதைத்தான். மனேஜர் இல்லை, செவ்வாய் வாருங்கள். செவ்வாய் போனேன். மனேஜர் வந்தார், ஜேர்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 14 நாளுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். போலிப் பொருளுக்கு என்ன 14 நாள் என்று கேட்டேன். போலி என்று யார் சொன்னது, நீங்கள் நிபுணரா என்றார். ‘சி’ கதையைச் சொன்னேன். அது பிறகு வந்த நினைவுப் பதிப்பாக இருக்கலாம், ஆட்டத்தில் போட்ட ஜேர்சி என்று நாங்கள் சொல்லவே இல்லையே என்றார். அப்படியென்றால் 2010 ஏப்ரலில் எப்படிக் கையெழுத்து வைத்தார்? அதற்குப் பதில், சான்றிதழ் கொடுத்தது வேறு நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள்.

அவர்களிடம் கேட்டேன். மின்னஞ்சலுக்கு ஒரு தானியங்கிப் பதில், ஐந்து வேலைநாளில் தொடர்புகொள்வோம் என்று. ஐந்து நாள் போய் இன்னொரு ஐந்து நாளும் போய்விட்டது. சான்றிதழில் இருந்த தொலைபேசி இலக்கம் மணியடித்துக்கொண்டே இருக்கிறது.

திரும்பக் கடைக்குப் போனேன். அப்போதுதான் மனேஜர் என் கையில் இருந்த பற்றுச்சீட்டை வாசிக்கச் சொன்னார். “விளையாட்டு ஜேர்சி, 1. 1,800 டொலர். திருப்பி எடுக்கப்படாது.” கையெழுத்து என்ற சொல் இல்லை. குரொஸ்பி என்ற சொல் இல்லை. ஒலிம்பிக் என்ற சொல் இல்லை. வெள்ளைக் கையுறை போட்டு, “இகி! இகி!” என்று கத்திக் காட்டி, என் மனைவி அழுத கதையைக் கேட்டு விற்றதெல்லாம் அந்தத் துண்டில் ஒரு சிவப்புச் சட்டை.

பெடியனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். தம்பி, நீ எங்கள் பிள்ளை, உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் சொல்லு, உன்னோடு எனக்குக் கோபமில்லை என்று எழுதினேன். உண்மையாகத்தான் எழுதினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்தது, பதில் இல்லை. மூன்று நாள் கழித்துத் திரும்ப எழுதினேன். நேற்று புளொக்.

வங்கியிலும் கேட்டேன். கிறெடிட் கார்ட்டில் கட்டியிருந்தால் முறைப்பாடு செய்து காசைத் திருப்பிக் கேட்க வழி இருந்திருக்கும், ஈ-ட்ரான்ஸ்ஃபர் நீங்களே விரும்பி அனுப்பியது, மற்றவர் கணக்கில் விழுந்த பிறகு எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். 234 டொலர் வரியை மிச்சம் பிடிக்கச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. 1,800 டொலரையும் திரும்பி வராத வழியால் அனுப்ப வைத்திருக்கிறார்கள்.

மற்ற ஐந்து பேரும் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. வேலை இல்லாமல் இருந்த நண்பருக்கு அவருடைய 300 டொலரை என் கையிலிருந்து கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது ஆறுதலாக உட்கார்ந்து எழுத மனது இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விலை கூடினாலும் பரவாயில்லை, கிறெடிட் கார்ட்டில் கட்டுங்கள். வரி இல்லை என்று சொன்னால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள். சான்றிதழ் எண்ணைக் கடையில் நின்றபடியே ஃபோனில் தேடிப் பாருங்கள், அதே பொருளின் படம் வருகிறதா என்று. சான்றிதழில் இருக்கிற முகவரியை அடிக்காமல் நீங்களாக அந்த நிறுவனத்தைத் தேடிப் போங்கள். பற்றுச்சீட்டில் யாருடைய கையெழுத்து, எந்த ஆட்டம், எந்த வருடம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். ஆட்டத்தின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுத்து, இலக்கம், இலையின் வடிவம் எல்லாம் பாருங்கள். வீட்டில் ஹொக்கி விளையாடுகிற பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் முறைப்பாடு பதிந்துவிட்டேன். சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குரிய படிவத்தை நண்பரின் மகள் நிரப்பித் தருகிறாள், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி வெள்ளைக் கையுறையோடு விற்ற ஜேர்சி வேறு யாரிடமாவது இருந்தால், உங்கள் சான்றிதழில் உள்ள எண்ணை எனக்கு அனுப்புங்கள். ஜேர்சியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டோம். அந்த ஆணியில் இப்போது ஒரு சோடி சிவப்புக் கையுறை தொங்குகிறது.