மருந்தடிக்கப் போகிறவருக்கு: மாஸ்க்கா, கிளவுஸா, கம்பூட்ஸா?

தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவரையும் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறவரையும் "பாதுகாப்புக்கு என்ன வச்சிருக்கீங்க அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பையிலிருந்து முதலில் வெளியே வருவது மாஸ்க். கொரோனா காலத்துப் பழக்கம் அது. ஆனால் முதுகில் டேங்கைச் சுமந்து அடிக்கிற வேலையில், உடம்புக்குள் போகிற மருந்தில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது. கையில் காசு கொஞ்சம்தான் என்றால் என் வரிசை இது: முதலில் கிளவுஸ், அடுத்தது கம்பூட்ஸ் என்கிற உயரமான ரப்பர் பூட்ஸ், அதற்குப் பிறகுதான் மாஸ்க்.

கலக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலில் இருப்பது தண்ணீர் படாத மருந்து. மூடியில் அளந்து ஊற்றும்போது போத்தல் வாயோரம் ஒரு கோடு வழிந்து விரலில் இறங்கும். அதைச் சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்த டேங்கை நிரப்பப் போய்விடுகிறோம். அன்றைக்கு முழுக்கப் படுகிற சாரலைவிட அந்த ஒரு கோடு மோசமானதாக இருக்கலாம்.

கடையில் கிளவுஸ் மூன்று விதமாகக் கிடைக்கும். உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசி, பின்பக்கம் துணியாக இருப்பது மலிவு. கல் தூக்க நல்லது, மருந்துக்கு ஆகவே ஆகாது. துணி மருந்தைக் குடித்துத் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். வெறுங்கை என்றால் உடனே கழுவவாவது செய்யலாம். ஆஸ்பத்திரி ரப்பர் கிளவுஸ் கவ்வாத்து வெட்டிய கிளையில் ஒருமுறை உரசினாலே கிழியும், எண்ணெய்த்தன்மையுள்ள மருந்துகள் அதைச் சீக்கிரம் கடந்தும் போகும். தடிப்பான, உள்ளே துணி ஒட்டாத, முன்கையில் பாதிக்கு மேல் மூடுகிற நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கிளவுஸ்தான் என் தேர்வு. விலை கூடத்தான், ஆனால் கழுவிக் கழுவிப் பல நாள் போடலாம். கிளவுஸின் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. கை கீழ்நோக்கி இருக்கிற வேலையில் சட்டைக் கை கிளவுஸுக்கு மேலே விழவேண்டும், கையை உயர்த்தி அடிப்பதாக இருந்தால் கிளவுஸுக்கு உள்ளே.

காலுக்கு வந்தால் மலைநாட்டுக் கதையே வேறு. வறண்ட பிரதேசத்தில் "வெக்கை தாங்க முடியல்ல" என்று பூட்ஸைக் கழற்றுவார்கள். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் வெக்கை எங்கே? இங்கே கழற்ற வைப்பது சரிவு. அடி தேய்ந்த கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு மழை பெய்த மண்ணில் நின்றால் டேங்கோடு சேர்ந்து பணிய, பள்ளத்துக்குத்தான் போகவேண்டும். 16 லீற்றர் டேங்க் நிரம்பினால் மருந்தே 16 கிலோ. அதனால்தான் பலர் செருப்போடு அல்லது வெறுங்காலோடு இறங்குகிறார்கள். சோம்பேறித்தனம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நனைந்த துணிச் சப்பாத்து செருப்பைவிட நல்லதல்ல, அதுவும் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அடிப்பல் ஆழமாக இருக்கிற, காலுக்குச் சரியான அளவுக் கம்பூட்ஸைத் தேடுங்கள். பெரிய அளவு வாங்கித் துணியைத் திணித்தால் உள்ளே கால் வழுக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அட்டைக்குப் பயந்து காற்சட்டைக் காலைப் பூட்ஸுக்குள் சொருகுவது நம் வழக்கம். மருந்தடிக்கும்போது அதுவே வினை: துணியில் வழிகிற மருந்து நேராகப் பூட்ஸுக்குள் இறங்கிப் பாதத்தை ஊறவைக்கும். அட்டைக் காலுறையை உள்ளே போட்டு, காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள்.

இனி மாஸ்க். துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க் இரண்டையும் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம். தூறலில் நனைந்தால் மருந்தை மூக்கடியில் பிடித்து வைக்கிற வேலையைத்தான் அவை செய்யும். என்95 தூளையும் நுண்துளியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆகவே 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்துசேர்ந்த கொப்புள நோய் என்கிற பூஞ்சை நோய்க்கு அடிக்கிற செப்பு மருந்துத் தூளைக் கலக்க அது சரியான சாமான். 2015இல் தடைபட்டு 2018இல் தேயிலைக்குத் திரும்ப அனுமதி கிடைத்த களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கும் அதுவே போதும்; அது லேசில் ஆவியாகிற மருந்தல்ல. மூக்கைப் பிடிக்கிற நெடியோடு வருகிற பூச்சிமருந்து என்றால் கரி வடிகட்டி வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். அந்தக் கரிக்கு ஈரம் ஆகாது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரில் திறந்தபடி தொங்கவிட்டால் மருந்தைப் பார்க்காமலேயே பாதி ஆயுள் போய்விடும். காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவையுங்கள். மாஸ்க்குக்குள் நெடி வந்தால் வடிகட்டியை மாற்றியே ஆகவேண்டும். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் பொருந்தாது.

கண்ணுக்கு, பனிமூட்டத்தில் மூடிய கண்ணாடி மூச்சுப் பட்டு மங்கிவிடுகிறது. கலக்கும்போது முகமறைப்புத் தகடு போதும்.

பலர் மறப்பது முதுகு. டேங்க் மூடி ஒழுகினால் சட்டை நனைந்து நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற, தண்ணீர் புகாத படங்கு மாதிரி ஒன்றை முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் கட்டலாம், செலவும் இல்லை. மழைக்கோட்டு போடுவதானால் குளிரும் காலையில் மட்டும் போடுங்கள். ஏற்றத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டும்.

தோட்ட நிர்வாகமே இதையெல்லாம் கொடுக்கிறதென்றால், காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் வெறுமனே "கிளவுஸ் தாங்க" என்று கேட்காதீர்கள், துணி கிளவுஸ் வந்து நிற்கும். "துணி வைக்காத நைட்ரைல், முன்கை மூடுற மாதிரி" என்று கேளுங்கள். பூட்ஸுக்கு ஆளாளுக்கு அளவு எழுதிக் கொடுங்கள், கரி மாஸ்க் கொடுத்தால் மாற்று வடிகட்டி எப்போது வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.