சென்டர் ஸ்டாண்டு: வெல்டு வைப்பதா, புதிது மாட்டுவதா, கழற்றிவிடுவதா?

டிரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் போன்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் சென்டர் ஸ்டாண்டு போட்ட பிறகும் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றால், பட்டறையில் கிடைக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: பாதத்துக்கு அடியில் ஒரு தகடு, நாலு வெல்டு. வண்டி உயர்ந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். தேய்ந்தது பெரும்பாலும் பாதம் அல்ல, ஸ்டாப்பர், அதாவது ஸ்டாண்டு மேற்கொண்டு சுழலாமல் முட்டி நிற்கும் இடம்.

ஸ்டாண்டு வண்டியைத் தாங்குவது கால் செங்குத்தாக நிற்பதால் அல்ல. செங்குத்தைத் தாண்டிப் பாதம் சற்று முன்னால் போய், அங்கே ஸ்டாப்பரில் முட்டி நிற்பதால்தான். கணக்குப் போட்டால் புரியும். பிவட் போல்ட்டிலிருந்து (ஸ்டாண்டு சுழலும் போல்ட்) பாதம் வரை 280 மி.மீ., போல்ட்டிலிருந்து ஸ்டாப்பர் முட்டும் இடம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப்பரில் 1 மி.மீ. தேய்ந்தால் பாதம் 9 மி.மீ.க்கு மேல் முன்னே போகும். 12 டிகிரியில் நிற்க வேண்டிய கால், 3 மி.மீ. தேய்மானத்தில் ஏறக்குறைய 18 டிகிரிக்குப் போய், வண்டி 7 மி.மீ. தாழ்கிறது. 7 மி.மீ. அற்பமாகத் தெரியலாம். பின்சக்கரத்தின் கீழே இருந்த மொத்த இடைவெளியே அவ்வளவுதான் என்றால்? அதோடு, ஸ்டாண்டிலிருந்து இறக்க வண்டியை முன்னே தள்ளும்போது கூடுதல் உயரம் ஏற்ற வேண்டியிருப்பதால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

பிவட் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்தாலும் இதே விளைவுதான். அதனால் எந்த வழிக்குப் போகுமுன்பும் மூன்று இடம் பார்க்க வேண்டும்: ஸ்டாப்பர் முகம், பிவட் ஓட்டை, பிறகே பாதம். வண்டியை வேறு முட்டில் நிறுத்தி, ஸ்டாண்டின் பாதத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் அளந்தால் தேய்மானம் போல்ட்டிலா, காதிலா (போல்ட் நுழையும் ஓட்டையுள்ள தகடு) என்பது தெரிந்துவிடும்.

பல 850 நார்ட்டன் கமாண்டோக்களில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அங்கே ஸ்டாண்டு மாட்டியிருப்பது ஃபிரேமில் அல்ல, கியர்பாக்ஸைத் தாங்கும் தொட்டிலில். இன்ஜின், கியர்பாக்ஸ், சுவிங் ஆர்ம் எல்லாம் சேர்ந்த அந்தத் தொகுதி ஐசோலாஸ்டிக் எனப்படும், அதிர்வைத் தடுக்கும் ரப்பரில்தான் ஃபிரேமோடு இணைந்திருக்கிறது. எனவே ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஆடினால் உடனே பிவட்டைக் குறை சொல்லக் கூடாது. ஐசோலாஸ்டிக்கில் விட்டிருக்கும் இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு போட்டபடியே ஏறி நின்று கிக்கர் உதைப்பது எந்த வண்டிக்கும் கெடுதல், கமாண்டோவுக்கு இன்னும் கெடுதல். அந்த உதை முழுவதும் தொட்டிலின் காதுகளில்தான் இறங்கும்.

முதல் வழி, பழையதைச் சீர்செய்வது. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், ஏனென்றால் அந்த ஸ்டாண்டு அந்த ஃபிரேமுக்கென்றே வளைக்கப்பட்டது. முட்டை வடிவ ஓட்டையை வெல்டால் நிரப்பி மறுபடி துளையிடலாம், அல்லது பெரிதாக்கி ஸ்டீல் புஷ் (உட்குழல்) அடிக்கலாம். இரண்டு காதையும் தனித்தனியாகத் துளைக்காதீர்கள். ஒரே நேர்க்கம்பி இரண்டிலும் உராயாமல் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாதம் முன்னும் ஒரு பாதம் பின்னுமாக நிற்கும். கம்பியை மாட்டி, தடித்த கண்ணாடிப் பலகை மேல் வைத்தால் கோணல் கண்ணுக்கே தெரியும். ஸ்டாப்பர் முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வெல்டு ஏற்றி, ஸ்டாண்டை மாட்டி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வெல்டை அளவுக்கு மீறி விட்டுவைத்தால் கால் செங்குத்தைப் போதுமான அளவு தாண்டாது. ஒரு சின்னத் தள்ளலில் வண்டி ஸ்டாண்டிலிருந்து உருண்டு இறங்கிவிடும். இது சக்கரம் தரையைத் தொடுவதைவிட ஆபத்து.

ஃபிரேமின் காதிலேயே வெல்டு வைக்க வேண்டியிருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியிருந்தால் அதையும். 1971 முதல் வந்த டிரையம்ப், பிஎஸ்ஏ 650 ட்வின்களில் (இரட்டைச் சிலிண்டர் வண்டிகள்) இன்ஜின் ஆயில் ஃபிரேமின் பெருங்குழாய்க்குள்ளேயே இருக்கிறது. அதன் அடிமூடி ஸ்டாண்டுக்கு அருகில்தான். ஆயிலை வடிக்காமல் அந்தப் பக்கம் நெருப்பே காட்டக் கூடாது.

இரண்டாவது, சந்தையில் கிடைக்கும் பேட்டர்ன் ஸ்டாண்டு, அதாவது அசலைப் பார்த்து வேறு ஆட்கள் செய்தது. காது முறிந்தோ குழாய் துருவில் ஓட்டையாகியோ போனால் வேறு வழியில்லை. ஆனால் ‘டிரையம்ப் பானவில் 650க்கு’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் பாதிப் பணம் தண்ணீர். 1970 வரை வந்த ஃபிரேமும் ஆயிலைச் சுமக்கும் பிந்தைய ஃபிரேமும் வேறு வேறு, ஒன்றின் ஸ்டாண்டு மற்றதற்குப் பொருந்தாது. வருடம், ஃபிரேம் எண் இரண்டையும் வைத்துத்தான் கேட்க வேண்டும். கையில் வந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து நான்கு அளவு எடுங்கள்: காதுகளுக்கு இடையே அகலம், போல்ட் ஓட்டை, ஓட்டையிலிருந்து பாதம் வரை நீளம், கால் வைத்து மிதிக்கும் கொம்பின் சாய்வு. அதிகம் தகராறு செய்வது கடைசி அளவுதான். கொம்பு சைலன்ஸரில் இடித்தால் ஸ்டாண்டு முழுதாக மேலே மடங்காது; சைலன்ஸரும் பேட்டர்ன் என்றால் குற்றவாளி எது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். பவுடர் கோட்டிங் ஒரு முகத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. ஏறியிருக்கும். காது இறுக்கமாக இருந்தால் சுத்தியல் வேண்டாம், உட்புறப் பெயின்ட்டைச் சுரண்டுங்கள்.

எந்த வழியானாலும் போல்ட்டில் கஞ்சத்தனம் கூடாது. காதுக்குள் உட்காரும் பகுதி மரையில்லாத வழவழப்பான தண்டாக இருக்க வேண்டும். முழுநீள மரை போட்ட போல்ட் அரம் மாதிரி ஓட்டையைத் தின்றுவிடும். 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ., அந்த இடத்தில் 10 மி.மீ. மெட்ரிக் போல்ட்டை நுழைக்க ஓட்டையைப் பெருக்கிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது.

மூன்றாவது, கழற்றிவிட்டு சைடு ஸ்டாண்டோடு ஓட்டுவது. எடை குறையும், வளைவில் தரையில் உரசாது. ஆனால் செயின் இழுக்கவும் பின்சக்கரம் கழற்றவும் பேடக் ஸ்டாண்டு (பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் தனித் தாங்கி) தேவை, அதை வழியில் சுமந்துபோக முடியாது. பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்குச் சரி. ஊர் ஊராகப் போகும் வண்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரிஜிட் ஃபிரேம் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத) வண்டிகளை, நார்ட்டன் 16ஹெச் போன்றவற்றை, இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டியதில்லை. அவற்றின் ரியர் ஸ்டாண்டு ஓடும்போது மட்கார்டு கொக்கியில் மாட்டியிருக்கும், நிறுத்தும்போது சக்கரத்துக்குப் பின்னாலிருந்து இறங்கும். தூக்குவது சிரமம், ஆனால் சக்கரம் தாராளமாக உயரும்.

ஸ்டாண்டின் மேல் பழி விழும் முன் டயரையும் ஷாக் அப்சார்பரையும் பாருங்கள். டயரின் விட்டம் 20 மி.மீ. கூடினால் ஸ்டாண்டில் கிடைக்கும் இடைவெளி 10 மி.மீ. குறைகிறது. 10 மி.மீ. நீளமான ஷாக் போட்டால், தொங்கும் சக்கரம் ஏறக்குறைய அவ்வளவு கீழே வரும். பாதத்துக்குத் தகடு வைப்பது நியாயமாவது இங்கே மட்டும்தான். அதிலும் குறைகிற அளவுக்கு மேல் ஒரு மி.மீ. கூட வேண்டாம், கால் நீளமானால் வண்டியை ஏற்ற அதிக பலம் வேண்டும். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கடைசியாக ஸ்பிரிங். இடுக்கியால் இழுத்துக் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். ஸ்டாண்டைப் பாதி வழியில், ஸ்பிரிங் அதிகம் நீளும் இடத்தில் பிடித்துக்கொண்டு, சுருள்களுக்கு நடுவே வாஷர்களைச் செருகுங்கள். ஸ்டாண்டை விட்டதும் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தளர்ந்து நிற்கும், கையாலேயே கழற்றிவிடலாம். மாட்டும்போதும் வாஷரோடு மாட்டி, ஸ்டாண்டை மறுபடி பாதி வழிக்குக் கொண்டுவந்தால் அவை தாமாகவே உதிரும். எத்தனை செருகினீர்களோ அத்தனையும் தரையில் கிடக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.