வேலையை விடாமல் வேலை தேட: ராமநாதபுரம் கரையோரத்தில் எந்தச் சேவை எத்தனை லீவு தின்னும்?

வேலைவாய்ப்புச் சேவைகளை மதிப்பிடுபவர்கள் வழக்கமாகப் பார்ப்பது எத்தனை காலியிடம் காட்டுகிறது, எத்தனை கம்பெனி வருகிறது என்பதைத்தான். சும்மா இருப்பவருக்கு அது போதும். மண்டபத்தில் இறால் கம்பெனி சூப்பர்வைசர், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் ரிசப்ஷன், ராமநாதபுரம் ஜவுளிக்கடையில் பில்லிங், கீழக்கரைப் பக்கம் தனியார் பள்ளியில் டீச்சர் என்று ஏதோ ஒன்றில் இருந்துகொண்டு, ‘இங்கே இனி முடியாது’ என்ற இடத்துக்கு வந்துவிட்டவருக்கு அளவுகோல் வேறு. ஒரு சேவை உங்களிடம் எத்தனை லீவு கேட்கிறது, விஷயம் முதலாளி காதுக்குப் போகாமல் முடியுமா, இந்த இரண்டையும் வைத்தே இங்கே மார்க் போட்டிருக்கிறோம். ஒருவருக்கொருவர் தெரிந்த ஊர்கள் என்பதால் இரண்டாவது கேள்விதான் பெரியது.

முதலில் அரசு வேலைவாய்ப்பு முகாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் சிறிய முகாம்கள் பொதுவாக வெள்ளிக்கிழமையில் வரும். பெரிய முகாம் பெரும்பாலும் சனிக்கிழமை, ஏதாவது கல்லூரி வளாகத்தில் நடக்கும். கட்டணம் கிடையாது, யாரிடமும் பணம் கொடுக்கவும் கூடாது. ரெஸ்யூமே ஐந்தாறு பிரதி, ஆதார், மார்க் ஷீட் ஜெராக்ஸ், போட்டோ இருந்தால் போதும். ஒரே நாளில் பத்து மேசைகளில் பேசிவிடலாம் என்பதால் லீவுக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை.

ஆனால் அந்த மேசைகளில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு பங்கு ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை, திருப்பூர் தொழிற்சாலைகளின் உற்பத்திப் பிரிவு வேலை. இன்னொரு பங்கு இன்ஷூரன்ஸ், ஃபைனான்ஸ் கம்பெனிகளின் விற்பனை வேலை. ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவர் போனாலும் புதிதாகப் படித்து வந்தவருக்கான சம்பளத்தைத்தான் சொல்வார்கள். ‘அப்ரண்டிஸ்’ என்று சொன்னால் கவனமாக இருங்கள். அது உதவித்தொகை, சம்பளம் இல்லை; பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், ஓர் ஆண்டு முடிந்ததும் நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற உறுதியும் கிடையாது. மேடையில் வைத்துக் கொடுக்கும் உத்தரவு பல நேரம் அடுத்த சுற்றுக்கு வரச் சொல்லும் கடிதமாகத்தான் இருக்கும். அதில் வேலையில் சேரும் தேதியும் சம்பளப் பிரிவும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். இன்னொன்று: முகாமில் போட்டோ எடுப்பார்கள், அது மறுநாள் பத்திரிகையிலோ முகநூலிலோ வரும். முன்வரிசையில் உட்கார வேண்டாம்.

இதே துறையின் தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம் இலவசம், லீவே கேட்காது. பதிவு செய்து வையுங்கள், அதையே நம்பியிருக்காதீர்கள்.

அடுத்து ஆப்களும் இணையதளங்களும். இடம் என்ற கட்டத்தில் ‘ராமநாதபுரம்’ என்று போட்டால் வரும் பட்டியலைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். டெலிவரி, கலெக்‌ஷன், ஃபீல்டு சேல்ஸ், டெலிகாலிங், இவற்றுக்குள்ளேயே சுற்றும். இந்த ஊர் வேலைகள் இணையத்தில் வருவதில்லை என்பதே காரணம். ஐஸ் கம்பெனியும் பண்ணையும் லாட்ஜும் தெரிந்தவர் சொல்லித்தான் ஆள் எடுக்கின்றன. எனவே இணையத்தை மதுரை, திருச்சி, சென்னை, கோவை வேலைகளுக்கென்று வைத்துக்கொண்டு, அந்த ஊர்களையே ‘விரும்பும் இடம்’ என்று போடுங்கள். இருப்பிடம் ராமநாதபுரம் என்று காட்டினால் ‘வருவாரா மாட்டாரா’ என்ற சந்தேகத்தில் பலர் கூப்பிடவே மாட்டார்கள். ரெஸ்யூமேயின் முதல் மூன்று வரிக்குள் ‘மதுரைக்கு / சென்னைக்கு மாறத் தயார்’ என்று எழுதிவிட்டால் அது பாதி தீரும்.

நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் குறிப்பிட்ட கம்பெனிகளுக்கு உங்கள் ரெஸ்யூமே தெரியாமல் தடுக்கும் வசதி இருக்கிறது. இப்போதைய கம்பெனியின் பெயரோடு நிற்காமல், அதே முதலாளியின் மற்ற பெயர்களையும் போடுங்கள். கடல் உணவு ஏற்றுமதியில் ஒரே குடும்பம் இரண்டு மூன்று பெயரில் நடத்துவது சகஜம். லிங்க்ட்இன்னில் ‘ஓபன் டு வொர்க்’ பச்சை வளையத்தைப் போட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம், உங்கள் கம்பெனி ஆட்களுக்கு அதைக் காட்டாமல் இருக்கவும் லிங்க்ட்இன்காரர்கள் முயல்வார்கள். முழு உத்தரவாதம் தர முடியாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) கட்டத்தில்தான் அதிகம் பேர் சொதப்புகிறார்கள். ‘உடனே சேரலாம்’ என்று போட்டால் அழைப்பு நிறைய வரும், வருவதில் முக்கால்வாசி இன்றைக்கே ஆள் தேடும் அவசர வேலைகள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே கொடுக்காத கடை, பள்ளி, லாட்ஜில் இருந்தால் 15 நாள் என்று போடுங்கள். ஆர்டர் இருந்தால் அதில் உள்ளதையே போடுங்கள். ரெஸ்யூமேயை வாரம் ஒரு முறை ஒரு சொல்லாவது மாற்றிச் சேமித்தால், புதிதாகத் திருத்தப்பட்டதென்று தேடலில் மேலே வரும். ஞாயிறு இரவு செய்தால் திங்கள் காலை ஆள் தேடுபவர் கண்ணில் படும்.

அழைப்பு எப்போதும் பகல் பதினொரு மணிக்குத்தான் வரும். நீங்கள் பேக்கிங் ஹாலிலோ வகுப்பிலோ இருப்பீர்கள், எடுக்க முடியாது. திரும்பக் கூப்பிட்டால் அந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை. இதற்கு ஒரே வழி, போனில் தயாராக ஒரு செய்தி வைத்திருப்பது: ‘வணக்கம், இப்போது பணியில் இருக்கிறேன். மாலை 6.30க்கு மேல் பேசலாமா? எந்தக் கம்பெனி, எந்த வேலை, எந்த ஊர் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில் தருகிறேன்.’ உண்மையான ஆள் பதில் போடுவார். போடாதவர் பெரும்பாலும் இலக்குக்காக நூறு பேருக்குப் போன் அடிப்பவர்.

சம்பளப் பேச்சில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. ‘சி.டி.சி. மாதம் 20,000’ என்கிறார்கள் (சி.டி.சி. என்றால் கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், அதாவது 1,560. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கம்பெனிப் பங்கு 3.25 சதவீதம். இந்த இரண்டையும் கழித்தால் மொத்தச் சம்பளம் சுமார் 17,860. அதில் உங்கள் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 134 போனால் கைக்கு வருவது 16,286. கிராஜுவிட்டியையும் (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) சி.டி.சி.க்குள் சேர்த்திருந்தால் 15,700 பக்கம் இறங்கும். இதில் வெளியூர் ரூம் வாடகையும் சாப்பாடும் போகட்டும். சாப்பாடு போட்டுக் கையில் 14,000 தரும் ராமேஸ்வரம் லாட்ஜ் வேலையோடு ஒப்பிடும்போதுதான் மாறுவதில் லாபம் உண்டா என்று தெரியும்.

நேர்முகத் தேர்வுக்குப் போய்வருவதுதான் கரையோரக்காரர்களின் நிஜமான தலைவலி. எந்த ஆப்பும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மதுரை என்றால் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம். பரமக்குடிக்கு இந்தப் பக்கம் சாலை இன்னும் நாலு வழி ஆகி முடியவில்லை. அந்தப் பகுதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2025 ஜூலையில்தான். அரை நாள் லீவில் மதுரை இன்டர்வியூவை முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், முழு நாள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சென்னை என்றால் ராத்திரி ரயில், பகலில் இன்டர்வியூ, ராத்திரி ரயிலில் திரும்புதல், ஆக ஒரு நாள் லீவு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கம் என்றால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரம் அல்லது செங்கல்பட்டில் இறங்குவது நல்லது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் தீவுக்காரர்கள் மறுபடி ராமேஸ்வரத்திலேயே ஏற முடிகிறது. அதற்கு முன் இரண்டு வருடத்துக்கும் மேலாக மண்டபமோ ராமநாதபுரமோ வந்துதான் ரயில் பிடித்தார்கள்.

சிக்கல் டிக்கெட்டில். புதன் காலை 10 மணிக்கு இன்டர்வியூ என்றால் செவ்வாய் மாலை ரயில் ஏற வேண்டும். அதற்கான தட்கல் திங்கட்கிழமை திறக்கும், ஏ.சி.க்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. திங்கள் மதியம் கூப்பிட்டு ‘புதன்கிழமை வாங்க’ என்றால் தட்கல் போய்விட்டது, பஸ்தான். ஆகவே இன்டர்வியூ தேதி பேசும்போதே நடுவில் இரண்டு முழு நாள் கேளுங்கள். ஆள் தேவை என்றால் கொடுப்பார்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும், அதை இன்றே செய்து வையுங்கள். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ‘சார் லீவு, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று கம்பெனிக்காரர் கடைசி நேரத்தில் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் முதல் சுற்றை வீடியோவில் வைக்கச் சொல்லி, அதில் தேறினால் நேரில் வருவதாகச் சொல்லுங்கள்.

வீடியோவுக்கும் ஒரு உள்ளூர் எச்சரிக்கை உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு நாள் கொடுங்கள். மின்சாரம் போய் நேரமானால் டவர் பேட்டரியும் இறங்கி, நெட்டும் சேர்ந்து போகிறது. வீட்டு வை-ஃபை ஒரு கம்பெனி, போன் சிம் வேறு கம்பெனி என்று வைத்திருப்பது பாதுகாப்பு.

லீவு கேட்கும் காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனி, ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை குறையும், லீவு சுலபமாகக் கிடைக்கும். ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களுக்கு அதே காலம் கோடை விடுமுறைக் கூட்டம். அவர்கள் ஆடி, தை அமாவாசைகளை ஒட்டியும் லீவு கேட்கவே வேண்டாம். தனியார் பள்ளி ஆசிரியருக்குத் தேடும் காலம் ஏப்ரல், மே மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூர் கன்சல்டன்சிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முறையான கன்சல்டன்சி கட்டணத்தைக் கம்பெனியிடம் வாங்கும். பதிவுக் கட்டணம், ‘ஃபைல் சார்ஜ்’, முதல் மாதச் சம்பளத்தில் பாதி என்று உங்களிடம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் வேலைக் குழுக்களில் விளம்பரம் பாருங்கள், ஆனால் குழுவுக்குள் ‘விருப்பம்’ என்று பதில் போடாதீர்கள். உங்கள் சூப்பர்வைசரும் அதே குழுவில் இருப்பார்.

வெளிநாட்டு ஏஜென்சிகள் தனிக் கதை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள்) நிறைந்த கரை இது. வேலை பிடிக்காதவர் வாயில் முதலில் வரும் சொல்லே வளைகுடாதான். தெரிந்தவர் மூலம் வரும் விசா பல நேரம் நல்லதாகவே அமையும். ஏஜென்ட் என்றால் மூன்றைச் சரிபாருங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் லைசென்ஸ் நடப்பில் உள்ளதா, காலாவதியா, நிறுத்திவைப்பா என்று தெரியும். ‘நான் மும்பை கம்பெனிக்கு இங்கே ஆள்’ என்கிற சப்-ஏஜென்டுக்கு 1983 எமிக்ரேஷன் சட்டத்தில் இடமே இல்லை. கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 35,400, ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டுவிட்டு ரசீது இல்லை என்றால் அது எந்தக் கணக்கிலும் வராத பணம், பின்னால் புகார் கொடுக்கவும் கையில் ஒன்றும் இருக்காது.

‘டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (எமிக்ரேஷன் அனுமதி தேவை என்ற குறி) இருக்கும்; சவூதி, அமீரகம், கத்தார், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் அனுமதி வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒப்பந்தம் பதிவாகி, 10 லட்ச ரூபாய் பிரவாசி காப்பீடும் (இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375) கிடைப்பது இந்த வழியில்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நம்பகமானது. நர்ஸ், டிரைவர், டெக்னீஷியன் போன்ற வேலைகளுக்கு அவர்கள் அறிவிப்பைத் தொடர்ந்து பாருங்கள். ஆனால் அது சென்னையில் இருப்பதால் லீவும் காத்திருப்பும் அதிகம்.

எந்த வழியில் கிடைத்தாலும், விடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை. அசல் சான்றிதழைப் பள்ளியோ கடையோ வாங்கி வைத்திருந்தால் ராஜினாமாவுக்கு முன் ‘வங்கிக் கடனுக்கு வேண்டும்’ என்பது போன்ற காரணம் சொல்லி மீட்கப் பாருங்கள். ராஜினாமா கொடுத்தபின் இழுத்தடிப்பார்கள். 10, 12 மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் எடுத்து வைத்திருப்பது தற்காலிகமாக உதவும். அனுபவச் சான்று தர மறுத்தால் பி.எஃப். தளத்தில் உள்ள சர்வீஸ் ஹிஸ்டரியையும் பாஸ்புக்கையும் எடுத்துக் கொடுங்கள், பல கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஐந்து வருடம் முடிய சில மாதம்தான் பாக்கி என்றால் கிராஜுவிட்டிக்காகக் காத்திருக்கலாம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் வருடத்தாலும் பெருக்குங்கள். 12,000 அடிப்படைக்கு ஐந்து வருடத்துக்கு 34,615 ரூபாய்.

ஆஃபர் லெட்டர் கம்பெனியின் சொந்த மெயிலில் வந்து, சேரும் தேதியும் சம்பளப் பிரிவும் அதில் இருந்தபின் ராஜினாமா எழுதுங்கள். அதுவும் அந்த மாதச் சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாள். பழைய கம்பெனி பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டால், கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழித்து ‘மார்க் எக்ஸிட்’ பகுதியில் நீங்களே ஆதார் ஓ.டி.பி. வைத்துப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆதாரோடு இணைத்த போன் எண் உயிரோடு இருக்க வேண்டும், கம்பெனி கொடுத்த சிம்மை அங்கே கொடுத்திருந்தால் முதலில் மாற்றுங்கள்.