நார்மண்டியா, பிரிட்டனியா?

பிரான்சின் வடமேற்குக் கரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். கையில் ஒரு வாரம்தான் என்றால் எங்கே போவது?

நார்மண்டியின் எத்ரத்தா கடற்கரையில், அலை அரித்து வளைவாக்கிய வெள்ளைச் சுண்ணப் பாறைகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய மணல்வெளிகளும் இங்கேதான். போரில் நொறுங்கிய லெ ஆவ்ர் துறைமுக நகரைக் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பியவர் கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே. உட்பகுதியில் ஆப்பிள் தோட்டம், கறவை மாடு, கமெம்பேர் பாலாடைக்கட்டி.

பிரிட்டனி கருங்கல் பூமி. கர்னாக்கில் புதிய கற்கால மக்கள் நட்ட 3,000 கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எழுத்தில்லாத காலத்து உழைப்பு அது. ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் கடல் ஏற்றவற்றத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். மீன்பிடியும் பன்றி வளர்ப்பும் பெரிய தொழில்கள். பண்ணைக் கழிவின் நைட்ரேட் கடலில் கலந்து, கோடையில் சில கரைகளில் பச்சைப் பாசி குவிந்து அழுகுகிறது. இவ்வளவு அழகான கரைக்கு இந்தக் கதி வந்திருக்க வேண்டாம்.

கடலோரத்தில் உச்சியில் மடாலயம் நிற்கும் மோன் சான் மிஷேல் குன்று? எல்லையோரம்தான், ஆனால் நார்மண்டிக்குச் சொந்தம். பிரிட்டனிக்காரர்களுக்கு அதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

என் ஓட்டு பிரிட்டனிக்கே. காரணம் லோரியான். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தோன்றிய ஊர். பெயருக்கே 'கிழக்கு' என்று பொருள். புதுச்சேரித் துணிகள் கப்பலில் போய் இறங்கிய துறை அது.