ரிச்சி தெருவில் பிழைத்த மடிக்கணினி

கனடாவில் வாங்கிய என் மடிக்கணினி சென்னைக்கு வந்த சில நாள்களிலேயே படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. சார்ஜரின் முனையைச் செருகிய மறுநொடி அடாப்டரில் எரிந்துகொண்டிருந்த சிறு விளக்கும் அணைந்துவிடும், பிடுங்கினால் மறுபடி எரியும். 120 வோல்ட் நாட்டிலிருந்து 230 வோல்ட் நாட்டுக்கு வந்ததுதான் காரணம் என்று வீட்டில் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அடாப்டரின் முதுகிலேயே அச்சிட்டிருப்பதை எடுத்துக் காட்டியும் அந்தத் தீர்ப்பு மாறவில்லை.

முதலில் போனது அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கு. குளிரூட்டிய கூடம், டோக்கன் எந்திரம், கண்ணாடித் தடுப்பு என்று எல்லாம் டொரண்டோவில் பார்ப்பது போலவே இருந்தன. ஆனால் புகாரைப் பதிவுசெய்ய இந்தியக் கைப்பேசி எண் வேண்டும், அதற்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் அடுத்த திரை திறக்கும் என்றார்கள். என் பழைய எண் எப்போதோ காலாவதியாகிவிட்டதால் மச்சானின் எண்ணைக் கொடுத்தேன். அவரோ அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். அவர் வெளியே வந்து எண்ணைச் சொல்வதற்குள் ஓடிபியின் ஆயுள் முடிந்துவிடும். புதிதாக ஒன்று போகும். அவர் மீண்டும் கூட்டத்துக்குள் போயிருப்பார். கடைசியில் பதிவு முடிந்ததும், உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் என்றும், உள்ளிருக்கும் தரவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று கையெழுத்திட வேண்டும் என்றும் அறிவித்தார்கள். பிறகு பரிசோதனைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, 'மதர்போர்டு மாற்ற வேண்டும்' என்ற ஒற்றை வரியை மச்சானுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். இந்த மாடலில் பிராசசரும் ரேமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை என்பதால், அவர்கள் கேட்ட தொகையில் ஏறக்குறைய புதுக் கணினியே வாங்கிவிடலாம். போர்டில் எந்த இடத்தில் பழுது என்று கேட்டேன். அதையெல்லாம் பார்ப்பதில்லை, முழுப் போர்டாகத்தான் மாற்றுவோம் என்றார் கவுண்டரில் இருந்தவர். வெளிநாட்டிலும் இதே பதில்தான் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லி, மின்னஞ்சலிலும் எழுத்தாகக் கொடுத்துவிடுவார்கள். அங்குள்ள கையாலாகாத்தனத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, கூடவே வர வேண்டிய ஒழுங்கை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டது போலத் தோன்றியது.

எரிச்சலோடு மவுண்ட் ரோட்டில் இறங்கி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கணினியின் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பிய தலைமுறைக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கணினி உதிரிபாகங்கள் விற்ற கடைகள் பலவற்றில் இப்போது சிசிடிவி கேமராக்கள் தொங்குகின்றன. 'என்ன சார் வேணும்' என்று வழிமறிக்கும் குரல்கள் மட்டும் மாறவில்லை. மாடியில், 'சிப் லெவல் சர்வீஸ்' (போர்டின் சிறு பாகங்களைத் தனித்தனியே பழுதுபார்ப்பது) என்று எழுதிய, இருவர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய கடை ஒன்றில் இருந்த இளைஞர், என் சார்ஜரைச் செருகி அடாப்டர் விளக்கு அணைவதைப் பார்த்தவுடன், "போர்டு ஷார்ட் சார், இருங்க பாக்கலாம்" என்றார். போர்டில் மின்சாரம் குறுக்குவழியில் பாய்வதால், அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அதை நிறுத்துகிறது என்பதற்கான அடையாளம் அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

முதலில் தரவுகள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தரவுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்குவதைவிட இது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! பிறகு போர்டை வெளியே எடுத்து மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். பஸ்ஸர் விடாமல் கத்தியது. சார்ஜரிலிருந்து உள்ளே வரும் 19 வோல்ட் பாதையில் ஏதோ ஒரு பாகம் நேராக கிரவுண்டோடு, அதாவது மின்சுற்றின் எதிர்முனையோடு, சேர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து அவர் செய்ததை நான் பல்லாண்டு வெளிநாட்டு வாழ்க்கையில் எங்கும் கண்டதில்லை. மேசை மேலிருந்த பவர் சப்ளையை ஒரு வோல்ட்டுக்குக் குறைத்து அந்தப் பாதையில் இணைத்துவிட்டு, போர்டின் மேல் தூரிகையால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினார். பச்சைப் பரப்பு முழுவதும் ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் ஈரம் சட்டென்று உலர்ந்தது. அங்கே கடுகளவே இருந்த ஒரு பழுப்பு நிறக் கெபாசிட்டர் (மின்தேக்கி) சூடாகியிருந்தது. ஷார்ட் ஆன பாகத்தின் வழியாகத்தான் மின்னோட்டம் முழுவதும் பாயும், சூடு அங்கேதான் பிறக்கும், ஆல்கஹால் முதலில் ஆவியாவதும் அங்கேதான். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னால் அதை எடுத்தார், பஸ்ஸர் அடங்கியது. அதே பாதையில் இணையாக வேறு கெபாசிட்டர்களும் இருப்பதால் அது இல்லாமலும் ஓடும் என்று சொல்லிவிட்டு, கழித்துப்போட்ட ஒரு போர்டிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துப் பொருத்தினார். ஒரு முழு மதர்போர்டுக்கும் அந்தக் கடுகுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. நிலைமின் தடுப்புப் பட்டை எதையும் மணிக்கட்டில் அணியாமல் வெறுங்கையால் போர்டைத் தொட்டார். திறந்த போர்டை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் வரும்வரை மின்விசிறி அதன் மேல் தூசியை வாரியிறைத்துக்கொண்டிருந்தது. அடிமூடியில் ஒரு திருகு குறைந்ததைச் சுட்டிக்காட்டியபோது, டப்பாவைத் துழாவி வேறு நிறத்தில் ஒன்றை எடுத்து முடுக்கினார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் தொகையை எழுதி, மூன்று மாதம் வாரண்டி என்றார். கனடாவிலிருந்து இதற்காக யார் வரப்போகிறார்கள்? இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென (வாங்கிய பொருளை நாமோ நாம் விரும்பியவரோ சரிசெய்யும் உரிமை) ஓர் இணையதளம் தொடங்கியது உண்மைதான். ஆயினும் இந்த இளைஞர் என் போர்டின் மின்சுற்று வரைபடத்தை எங்கிருந்தோ கைமாறி வந்த ஒரு கோப்பில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவரே இன்னொன்றையும் கவனித்தார். சார்ஜில் இருக்கும்போது உலோக உடலைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறதா என்று கேட்டார். ஆம், வந்த நாளிலிருந்தே ஏறியது. கனடா பிளக்கை இங்குள்ள சாக்கெட்டில் பொருத்த நான் பயன்படுத்திய பயண அடாப்டரில் எர்த் இணைப்பு இல்லை என்று காட்டி, சார்ஜரோடு பொருந்தும் உள்ளூர் மூன்று பின் மின்கம்பி (பவர் கார்டு) ஒன்றை மாட்டிவிட்டார். வீட்டில் எர்த் உள்ள சாக்கெட்டில் செருகியதும் அந்தச் சுருசுருப்பு நின்றுபோயிற்று. ஊருக்குக் கணினி கொண்டுபோகிறவர்கள் இந்த மின்கம்பியை வந்த அன்றே வாங்கிவிடுவது நல்லது. போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு சிப் லெவல் கடையில், எதிரிலேயே நின்று, எஸ்எஸ்டியைக் கையில் வாங்கிக்கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சேவை மையத்துக்கும் போயே ஆக வேண்டுமென்றால், உடன் வரக்கூடிய உறவினரின் எண்ணையே கொடுங்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று என் மச்சானுக்கு இன்னமும் செய்தி வந்துகொண்டிருக்கிறது.